ரோமர் 13ஐக் காட்டி "காணிப் போராட்டத்துக்குப் போகாதே" என்கிறார் போதகர். போனால் பாவமா?

கனகராயன்பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அம்மாவின் பெயரில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி, பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), அம்மாவின் தகப்பன் காடு வெட்டித் திருத்தினது. 2009இல் போட்டது போட்டபடி ஓடினோம். மெனிக்பாம் அகதி முகாமில் கிடந்து திரும்பி வந்தால் காணிக்குள் ஆமிக் காம்ப். இன்றைக்கும் அப்படியே. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எங்கள் கிணற்றுக்கட்டு தெரியும், கிணற்றடியில் அப்பா வைத்த இரண்டு தென்னையும் தெரியும். ஒன்றுக்கு வட்டுப் போய்விட்டது. மற்றதில் காய் பிடுங்கி காம்ப் வாசலில் விற்கிறார்கள். அம்மா ஒருநாள் காசு கொடுத்து அதில் இரண்டு காய் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் மரத்துக் காய் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "எனக்குத் தெரியாதா" என்கிறார். வீட்டில் ஒருவருக்கும் அதை உடைத்துச் சம்பல் போட மனம் வரவில்லை, குசினி மூலையில் முளைவிட்டுக் கிடக்கிறது.

வருகிற சனிக்கிழமை ஊர்ச்சனம் சந்தியில் கொட்டில் போட்டு இருக்கப்போகிறார்கள். கல்லெறி, ரயர் எரிப்பு ஒன்றும் இல்லை. பாய் விரித்து, பதாகை கட்டி, பகல் முழுக்க இருப்பது, பின்னேரம் மனு கொடுப்பது, அவ்வளவுதான். பிள்ளையார் கோயில் ஐயா வருகிறார், கத்தோலிக்கப் பங்குத்தந்தை வருகிறார். எங்கள் சபைப் போதகர் மட்டும் போன ஞாயிறு முழுப் பிரசங்கமும் ரோமர் 13. "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்." சபையில் இருந்து ஒருவரும் கொட்டிலுக்குப் போகக்கூடாதாம், போனால் தேவனுடைய நியமத்துக்கு எதிர்த்து நிற்கிறதாம்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அப்பா இல்லாத எனக்குப் படிக்கக் கொப்பி வாங்கித் தந்த மனுஷன். அவருக்கும் ஒரு பயம் இருக்கிறது. எங்கள் சபை ஒரு தகரக் கொட்டகை, பதிவு இல்லை, இரண்டு தரம் பொலிஸ் வந்து கடிதம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனது. அதோடு போன நத்தாருக்கு காம்ப் ஆட்கள் நாற்பது பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து தந்தார்கள், பின்பக்கத்தில் காம்பின் இலக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதினபடி. அந்தக் கதிரையில் இருந்துதான் நாங்கள் ரோமர் 13 கேட்டோம்.

என் கேள்வி சின்னது. சனிக்கிழமை நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் பாவமா?


திருவசனம்77 எழுதியது:

தம்பி, உங்கள் போதகர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வசனம் "நல்ல அதிகாரத்துக்கு" என்று சொல்லவில்லை, "உண்டாயிருக்கிற அதிகாரங்கள்" என்று சொல்கிறது. பவுல் இதை எழுதும்போது ரோமில் இருந்த இராயன் நீரோ. பேதுருவும் அதையே சொல்கிறார், தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள் என்று (1 பேதுரு 2). இயேசு பிலாத்துவுக்கு முன்னால் பதாகை பிடித்தாரா? நாங்கள் இந்த உலகத்தில் பரதேசிகள், இரண்டு ஏக்கர் போனால் போகட்டும், ஆத்துமா போகக்கூடாது.

நான் பயந்து எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள், போராட்டம் என்று போய் இரண்டு பேர் திரும்பவில்லை, மூன்றாவது ஆள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொட்டில் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஜெபம், இரண்டாம் நாள் கமெரா, மூன்றாம் நாள் வெள்ளை வேட்டியோடு ஒரு அரசியல்வாதி வந்து உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து படம் எடுப்பார். அவர் போய்விடுவார், உங்கள் பெயர் மட்டும் சி.ஐ.டி. கொப்பியில் இருக்கும். ஜெபியுங்கள். 1 தீமோத்தேயு 2 ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறது, ராஜாக்களுக்கு எதிராக அல்ல.


பழையவாடி எழுதியது:

திருவசனம் தம்பி, உங்கள் சகோதரங்களுக்காக மனம் வருந்துகிறேன். அதை வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்யமாட்டேன். ஆனால் வசனத்தைப் பற்றி ஒரு கதை கதைக்கவேண்டும்.

நான் பூநகரிப் பக்கம், கடல்தொழில், கத்தோலிக்கன், வேதாகமம் உங்கள் அளவுக்கு மனப்பாடம் இல்லை. ஆனால் வன்னியில் இருந்து ரோமர் 13ஐ வாசிக்கிறவனுக்கு முதல் கேள்வியே வேறு: எந்த அதிகாரம்? 1998 செப்டெம்பரில் இயக்கம், அதாவது புலிகள், கிளிநொச்சியைப் பிடித்தது, 2009 ஜனவரி 2ஆம் திகதி ஆமி பிடித்தது. நடுவில் பத்து வருசம் எங்களுக்குப் பொலிசும் இயக்கம், நீதிமன்றமும் இயக்கம், சாமான் கொண்டுவந்தால் வரியும் அவர்களுக்கு, வவுனியாவுக்குப் போக அவர்களிடம்தான் பாஸ். அதே நேரம் கச்சேரியும் (மாவட்ட அரசாங்க அலுவலகம்) பள்ளிக்கூடமும் கொழும்புச் சம்பளத்தில் ஓடின. அந்த நாளில் ஒரு உபதேசியார் இதே வசனத்தை வாசித்து வரி கட்டச் சொன்னார். கட்டினோம். 2009க்குப் பிறகு அதே வசனம், அதே குரல், வாங்குகிற ஆள் மட்டும் வேறு. பகிடிக்குச் சொல்லவில்லை. துவக்கு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் வசனம் என்றால் அதற்குப் பெயர் பயம். நானும் பயந்தவன்தான், பயத்தில் பிழை இல்லை, அதைக் கீழ்ப்படிவு என்று மட்டும் கூப்பிடாதே.

2009 மார்ச் கடைசியில் வலைஞர்மடம் கோயிலுக்குள் எத்தனையோ பெடியளும் பெட்டையளும் இயக்கம் பிடித்துக்கொண்டு போகும் என்று ஒளிந்திருந்தார்கள். இடம் கொடுத்தது குருமார். கடைசியில் உள்ளே புகுந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அது வேறு கதை. அன்றைக்கு அந்த மண்ணில் "உண்டாயிருந்த அதிகாரம்" அவர்கள்தானே, அந்தப் பிள்ளைகளைக் கொடுக்காமல் வைத்திருந்த குருமார் பாவமா செய்தார்கள்? எகிப்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள், ஆண்பிள்ளை பிறந்தால் கொல்லு என்றான் பார்வோன், அவர்கள் கொல்லவில்லை, கேட்டதற்குச் சாட்டும் சொன்னார்கள். அவர்கள் குடும்பத்தைக் கடவுள் தழைக்கவைத்தார் என்று யாத்திராகமம் முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது.

இனி காணிக்கு வருகிறேன். இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்தது. சண்டை முடிந்த பிறகும் தீவு கடற்படையிடம். இரணைமாதா நகரில் 2017 மே 1ஆம் திகதி போராட்டம் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வருசம் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். கேட்டுக் கேட்டு ஒன்றும் நடக்காமல் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டி, குருமாரோடு தீவுக்கே போய் இறங்கினார்கள். நேரே போனது கோயிலுக்கு. கூரை இல்லாத, சுவர் வெடித்த கோயிலில் முழங்காலில் நின்று செபித்துவிட்டு, இனிப் போகமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் சம்மதித்தது. ஒரு கல்லு எறியவில்லை. இது எதிர்த்து நிற்கிறதா கீழ்ப்படிகிறதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, ஆனால் அந்த வள்ளத்தில் போன கிழவிமார் ஒருவரும் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. குடிக்கத் தண்ணீரும் கொண்டு போ.


ஆக்கில்லா எழுதியது:

நான் இறையியல் படிக்கிற ஆள், பழையவாடி ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் இரண்டு விஷயம் வைக்கிறேன். என் புனைபெயரிலேயே முதலாவது இருக்கிறது.

கிலவுதியு ராயன் யூதரை ரோமை விட்டுத் துரத்தினான், கி.பி. 49 அளவில். அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள், கூடாரம் செய்கிறவர்கள், கொரிந்துவில் பவுலுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்கள் (அப்போஸ்தலர் 18). ரோமர் நிருபம் எழுதப்பட்டது 57 அளவில். கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும்போது இந்த இரண்டு பேரும் ரோமில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலேயே சபை கூடுகிறது. அதாவது இது இடம்பெயர்ந்து மீள்குடியேறின சனமும் இருந்து கேட்ட கடிதம். தங்களைத் துரத்தின அரசாங்கத்தின் ஊரில் திரும்பிவந்து குந்தியிருக்கிறவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரன் எந்த நேரம் காட்டிக்கொடுப்பான் என்று தெரியாதவர்களுக்கு, வரியைக் கட்டுங்கள், கலகத்துக்குப் போகாதீர்கள் என்கிறார். மெனிக்பாமில் இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு இதை யாழ்ப்பாணத்தில் இருந்து விரிவுரை எடுக்கத் தேவையில்லை, அவர் அப்படித்தான் வாழ்கிறார்.

இன்னொன்று. பவுல் அதிகாரம் என்று எண் போட்டு எழுதவில்லை, அந்த எண்கள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. 12ஆம் அதிகாரம் முடிகிற இடத்தில் "பழிவாங்காதே, தீமையை நன்மையினாலே வெல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்துதான் அதிகாரங்களைப் பற்றித் தொடங்குகிறார். கையில் வாளை எடுக்காதே, நியாயம் தீர்க்கிற வேலை இன்னொருவருடையது, அவர் தீமை செய்கிறவனைத் தண்டிக்க வைக்கப்பட்டவர் என்று போகிறது பேச்சு. பழிவாங்காதே என்பதும் வாயைத் திறக்காதே என்பதும் ஒன்றா?

பவுலே வாயை மூடிக்கொண்டு இருந்தவர் இல்லை. பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். அடுத்த நாள், சரி போகலாம் என்று சேவகரை அனுப்பினார்கள். பவுல் போகவில்லை! ரோமரான எங்களை எல்லாருக்கும் முன்னால் அடித்துவிட்டு இப்போது களவாக அனுப்புகிறார்களா, அவர்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து தயவாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போனார்கள் (அப்போஸ்தலர் 16). பிறகு எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டினபோது இது சட்டமா என்று கேட்டார், செசரியாவில் இராயனுக்கு அபயமிடுகிறேன் என்று மேன்முறையீடே செய்தார். ரோமர் 13 எழுதின அதே ஆள்; எருசலேமும் செசரியாவும் அதை எழுதின பிறகு நடந்தவை. கொட்டிலில் இருந்து மனு கொடுக்கிறது இதில் எந்த இடத்தில் பாவமாகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

காணி என்றால் நாபோத்தை விட்டுவிட ஏலாது (1 இராஜாக்கள் 21). ஆகாப் நல்ல விலை தருகிறேன் என்றுதான் கேட்டான். பிதாக்களின் சுதந்தரம் (முதுசம்), தரமாட்டேன் என்றான் நாபோத். ராஜாவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று கர்த்தர் நாபோத்தைக் கண்டிக்கவில்லை, எலியாவை ஆகாபிடம்தான் அனுப்பினார். திருவசனம் அண்ணை, இரண்டு ஏக்கர் போனால் போகட்டும் என்று நாபோத்திடம் யாராவது சொல்லியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்?


காணிக்கிளை_அக்கா எழுதியது:

எல்லோரும் சனத்துக்கு வசனம் சொல்கிறீர்கள். நான் அந்த "அதிகாரம்" பக்கம் இருக்கிற ஆள். ஒரு பிரதேச செயலகத்தில் காணிக் கிளை, பதினொரு வருசம், எந்த இடம் என்று கேட்கவேண்டாம்.

ரோமர் 13இல் நாலாம் வசனம், உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறான். அது நான்தானே. ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்படியுங்கள் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன், நூறு தரம் இருக்கும். நீ தேவஊழியக்காரி, ஃபைலை ஏன் இழுத்தடிக்கிறாய் என்று ஒரு போதகரும் என்னிடம் கேட்டதில்லை. போன வருசம் ஒரு ஐயா வந்தார், ஏழாவது தரமோ எட்டாவது தரமோ. சொப்பின் பைக்குள் சொப்பின் பை, அதற்குள் பொலித்தீனில் சுற்றின பெர்மிட். மாத்தளன் வரை மடியில் கட்டிக்கொண்டு போனதாம், மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகி, பின்பக்கம் கலண்டர் தாளில் ஒட்டியிருந்தது. சேர் வெளியே போய்விட்டார், அடுத்த கிழமை வாங்கோ என்றேன். "சரி பிள்ளை, நன்றி" என்று சொல்லிவிட்டு நாலு துண்டையும் திரும்ப மடித்தார். உண்மையில் சேர் வரும்வரை காத்திருக்கவேண்டிய வேலையே இல்லை, பேரேட்டைத் திறந்து பார்க்க எனக்குப் பஞ்சி, சோம்பல். அதற்குப் பிறகு அந்த வசனத்தை எனக்குச் சுகமாக வாசிக்க முடிவதில்லை.

அதனால் தம்பி, கொட்டிலுக்குப் போ, ஆனால் கொட்டிலோடு நிற்காதே. எங்களை வேலை செய்யவை. அம்மாவின் பெர்மிட் இருந்தால் அசலைக் கொண்டு திரியாதே, பிரதி எடு. தொலைந்திருந்தால் காணிக் கிளையில் பேரேட்டுப் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேள், பழைய வாக்காளர் இடாப்பு, விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம், அயல்காணிக்காரரின் சத்தியக்கடதாசி எல்லாம் சேர்த்து வை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது, அதில் ஒரு விண்ணப்பம் போட்டு, இந்தக் காணியை எந்தச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கிறீர்கள், சுவீகரிப்புக்கு காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் போட்டதா, போட்டிருந்தால் பிரதி தா என்று கேள். தருகிறோமா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். கொடுக்கிற எந்தக் கடிதத்துக்கும் உன் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கு. முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். முக்கியமானது: அம்மா பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பதிந்திருக்கிறாரா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், பெர்மிட்காரர் கண்ணை மூடினபிறகு பிள்ளைகள் அலைகிற அலைச்சலை நான் தினமும் பார்க்கிறேன்.

போதகரின் பயத்துக்கும் ஒன்று. புது வழிபாட்டிடத்துக்கு அனுமதி என்று பொலிஸ் கேட்பது பெரும்பாலும் 2008இல் வந்த ஒரு சுற்றறிக்கையை வைத்து. சுற்றறிக்கை சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் கூடி வழிபடுகிற உரிமையைத் தருகின்றன. தனியே நின்று கதைக்காமல் மற்றச் சபைக்காரரோடு சேர்ந்து ஒரு சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.


திருவசனம்77 எழுதியது:

காணிக்கிளை அக்கா எழுதினதை இரண்டு தரம் வாசித்தேன். மனு கொடுக்கிறதை நான் பாவம் என்று சொல்லமாட்டேன், விதவையும் நியாயாதிபதியிடம் போய்ப் போய்த்தானே கேட்டாள். ஆனால் கூட்டமாக ரோட்டில் இருக்கிறது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை, ஆக்கில்லா தம்பி எத்தனை வசனம் போட்டாலும். பவுல் தனக்காகக் கேட்டார், சனத்தைச் சேர்க்கவில்லை.


பழையவாடி எழுதியது:

அதுவும் சரியான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதில் மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை. அவர் தனக்காகக் கேட்கவில்லை, சனத்துக்காகக் கேட்டார். 2011 ஜனவரியில் அரசாங்கமே வைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் போனார். ஏசவில்லை. அரசாங்கத்தின் கச்சேரிக் கணக்கை எடுத்து வைத்தார்: 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர், பிறகு அரசாங்கப் பக்கம் வந்தது 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கழித்தல் கணக்கு, வேறொன்றும் இல்லை. அதற்காக அவரைத் துரோகி, புலி என்று எத்தனை பேர் பேசினார்கள். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் போனபோதும் பதில் வரவில்லை. அதிகாரத்தைக் கனம்பண்ணுகிறது என்றால் பதில் சொல்லக்கூடிய ஆள் என்று அதை நடத்துகிறது என்றுதான் நான் அவரிடம் படித்தேன். நீங்கள் ரோட்டில் இருக்கவேண்டாம் தம்பி, ஒரு கடிதமாவது எழுதுங்கள்.


கனகராயன்பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, திருவசனம் அண்ணைக்கும் சேர்த்துத்தான். ஏசாமல் எழுதினீர்கள்.

நேற்றுப் பின்னேரம் போதகர் வீட்டுக்குப் போனேன். இதெல்லாவற்றையும் சொல்லவில்லை, பிலிப்பிக் கதையை மட்டும் சொன்னேன். நீ எனக்குப் பவுலைப் படிப்பிக்கிறாயா என்று கேட்டார், சிரித்தாரா கோபமா என்று விளங்கவில்லை. பிறகு கனநேரம் கதைக்கவில்லை. அவருடைய மனிசி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்கட வளவும் அதுக்குள்ளதானே இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு இத்தனை வருசமாக அது தெரியாது.

அவர் வரமாட்டார். சபையின் பெயரையும் சொல்லவேண்டாம் என்றார். நான் எழும்பி வரும்போதுதான், கிழவிமார் எத்தனை பேர் வருவினம், பாயில் இருந்தால் எழும்ப மாட்டாதுகள், கொட்டகையில் இருந்து கதிரையைக் கொண்டுபோ என்று திறப்பைத் தந்தார். பின்பக்கம் காம்ப் இலக்கம் எழுதியிருக்கிறதே, பெயிண்ட் அடித்து மறைக்கட்டா என்று கேட்டேன். "விடு, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அம்மா பெர்மிட் தேடுகிறார். பின்னுரித்தாளர் பதியவில்லையாம், அக்கா.